தொடக்கநூலின் இரு படைப்புக் கதைகள்: தமிழாக்கங்களில் கடவுளும் மாந்தரும்

0. முன்னுரை

விவிலியத்தின் முதல் நூலைப் பழைய தமிழாக்கங்கள் ஆதியாகமம் என வழங்கும். 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அதனைத் தொடக்கநூல் எனப் பெயரிட்டது. இந்நூலின் முதலிரு அதிகாரங்களில் ஒரு கதையன்று, இரு கதைகள் உள்ளன. முதற்கதை ஆறு நாள் படைப்பையும் ஏழாம் நாள் ஓய்வையும் கூறி, இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தின் முற்பகுதியில் முடிகிறது. அதன் பிற்பகுதியில் தொடங்கும் இரண்டாம் கதை நீரற்ற நிலம், மண்ணால் ஆகிய மனிதன், தோட்டம், விலங்குகள், பெண் எனச் செல்கிறது. முதற்கதையில் மாந்தர் எல்லாவற்றிற்கும் பின்னர் வருகின்றனர். இரண்டாம் கதையில் மனிதன் செடி கொடிகளுக்கும் விலங்குகளுக்கும் முன்னர் வருகிறான். கடவுட்பெயர்கள் இரு கதைகளிலும் வேறுபடுவதைக் கொண்டு பிரெஞ்சு மருத்துவர் சான் அஸ்த்ரூக் 1753இல் இந்நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்கள் உண்டு எனக் கருத்துரைத்தார். அன்று முதல் இவ்வேறுபாடு விவிலிய ஆய்வின் அடிப்படைச் செய்திகளுள் ஒன்றாகி விட்டது.

இவ்விரு கதைகளும் கடவுளைப் பற்றியும் மாந்தரைப் பற்றியும் உணர்த்துவன யாவை என்னும் வினாவைச் சமய நூலார் பலவாறு ஆராய்ந்துள்ளனர். மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்வினா வேறு வடிவில் எழுகிறது. எபிரேயம் சொல்லாமல் விட்டதைத் தமிழின் திணை, பால், எண், மதிப்பு ஆகியவை சொல்லியே ஆகவேண்டும் எனக் கட்டாயப்படுத்துகின்றன. எபிரேயம் வேறுபடுத்திச் சொன்னதைத் தமிழாக்கங்கள் சில இடங்களில் ஒன்றாக்கி விடுகின்றன. இவ்விரு நிலைகளையும் 1871ஆம் ஆண்டின் ஐக்கியப் பதிப்பு (பவர் தலைமையில் உருவானது), 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்புமைக்கு மலையாள ஆக்கமும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகம் போன்ற இடங்களில் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. அங்கு இரு மொழியும் அறிந்த ஒருவர் இரு மொழிபெயர்ப்புகளையும் ஒருங்கே வைத்துப் படிப்பின், இலக்கணம் எங்கே பொருளை முடிவு செய்கிறது என்பது தெளிவாகும்.

1. படைப்போன் பெயரும் வினைமுடிபும்

முதற்கதையில் கடவுளைக் குறிக்கும் எலோகிம் என்னும் சொல் வடிவத்தால் பன்மை. ஆயினும் அது ஒருமை வினையையே கொள்கிறது. இரண்டாம் கதையில் நான்கு மெய்யெழுத்துகளால் ஆகிய தனிப்பெயர் ஒன்று அதனோடு சேர்கிறது. ஐக்கியப் பதிப்பு முதற்கதையில் தேவன் என்றும், இரண்டாவதில் தேவனாகிய கர்த்தர் என்றும் ஆள்கிறது. திருவிவிலியம் கடவுள் என்றும், ஆண்டவராகிய கடவுள் என்றும் ஆள்கிறது. பெயர்மாற்றத்தை இரண்டும் காத்துள்ளன என்பது பாராட்டத்தக்கது.

கத்தோலிக்கர் வழங்கிய சருவேசுரன், 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியு ஆண்ட பராபரன், பின்னர் நிலைபெற்ற தேவன் ஆகிய மூன்றும் னகர ஈற்று ஆண்பாற் பெயர்கள். தேவன் என்றவுடன் தேவி என்னும் பெண்பாலும் தேவர்கள் என்னும் பன்மையும் கேட்போர் நினைவுக்கு வரும். கடவுள் என்னும் சொல்லோ பால் ஈறு பெறாதது. அதற்கு இணையான பெண்பால் வடிவமும் இல்லை. மாந்தரை ஆணும் பெண்ணுமாகத் தம் உருவில் படைத்தவரைக் குறிக்கப் பால் ஈறற்ற இப்பெயர் மிகப் பொருந்துவது.

வினைமுடிபிலும் இதனைக் காணலாம். தமிழில் முற்றுவினை -ஆன், -ஆள், -ஆர், -அது முதலிய ஈறுகளுள் ஒன்றைக் கொள்ளாமல் அமையாது. கடவுட்கு -ஆர் ஈற்றைத் தமிழாக்கங்கள் தெரிந்துகொண்டன. இவ்வீறு மதிப்பை உணர்த்துவதோடு ஆண், பெண் என்னும் வேறுபாட்டையும் காட்டாது விடுகிறது. மலையாளமோ இடம், பால், எண் காட்டும் வினையீறுகளை இழந்து விட்ட மொழி. தெய்வம் என்னும் எழுவாய்க்குச் சிருஷ்டிச்சு என்னும் வினை வந்து முடிகிறது. அவ்வினையில் மதிப்பும் இல்லை, பாலும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட சிக்கல் மலையாள மொழிபெயர்ப்பாளருக்கு எழவேயில்லை.

இங்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் ஒரு கருத்து நினைக்கத்தக்கது. உயர்திணை என்பது மக்களைக் கொண்டே அங்கு வரையறுக்கப்படுகிறது. தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்குத் தமக்கென ஈறு இல்லை. அவை உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே பெற்று வரும் என அந்நூல் கூறுகிறது. ஆகவே தமிழிலக்கணத்தில் தெய்வம் மாந்தரின் வடிவத்தைக் கடன் வாங்கிப் பேசப்படுகிறது. தொடக்கநூலின் முதற்கதையில் மாந்தர் கடவுளின் வடிவத்தைப் பெறுகின்றனர். திசை எதிரெதிராயினும், கடவுளும் மாந்தரும் ஒரு திணையில் நிற்க, பிற உயிர்கள் மறு திணையில் நிற்பது இரண்டிற்கும் பொது. முதற்கதை தமிழில் இயல்பாக ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டாம் கதைக்கு இதுவே இடர் விளைக்கிறது என்பது பின்னர்க் காட்டப்படும்.

2. 'நாம்' என்னும் தன்மைப் பன்மை

மாந்தரைப் படைக்குமுன் கடவுள் தன்மைப் பன்மையில் பேசுகிறார். எபிரேயத்தில் கேட்போரை உளப்படுத்தும் பன்மை, உளப்படுத்தாப் பன்மை என்னும் வேறுபாடு இல்லை. தமிழில் நாம், நாங்கள் என இரண்டும் உண்டு. வினையில் -ஓம் ஈறு இரண்டிற்கும் பொதுவாதலால் வினை மட்டும் வரின் சிக்கல் இல்லை; உருவும் சாயலும் யாருடையவை எனக் கூறும் வேற்றுமைச் சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தமிழாக்கங்கள் நமது, நம் என உளப்பாட்டுப் பன்மையைக் கொண்டன. மலையாளமும் நாம், நம்முடெ எனக் கொண்டது.

இத்தேர்வு விளக்கங்களுக்கு இடந்தருவது. கடவுள் விண்ணவர் அவையை நோக்கிப் பேசுகிறார் என்பது ஒரு சாரார் விளக்கம்; தமக்குள் எண்ணித் துணிகிறார் என்பது மற்றொரு விளக்கம்; திரித்துவத்தின் சாயலை இதில் காண்பது திருச்சபைத் தந்தையர் வழிவந்த விளக்கம். 'எங்கள்' என்றிருப்பின் கேட்போர் புறத்தே நிறுத்தப்படுவர், இம்மூன்றும் குலையும். மேலும் தமிழில் 'நாம்' அரசரின் தன்மைச் சொல்லாகவும் வழங்கியது. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டில் முதலாம் இராசராசன் தன்னை நாம் என்றே குறிக்கிறான். எபிரேயத்தில் அரசப் பன்மை வழக்கு இருந்ததா என்பதில் அறிஞர் பலர் ஐயுறுவர். ஆகவே தமிழ்ப் படிப்பாளி இவ்விடத்தில் அரசனின் குரலைக் கேட்பானாயின், அது மூலம் தந்ததன்று, தமிழ் தந்தது. அடுத்து வரும் ஆளுகைப் பேச்சோடு இக்குரல் இயைவதால் இந்த மிகையைக் குறையென ஒதுக்க வேண்டுவதில்லை.

3. உருவும் ஆளுகையும்

மாந்தர் எதன்படி படைக்கப்பட்டனர் என்பதைக் கூற எபிரேயம் இரு சொற்களை ஆள்கிறது. செலெம் என்பது செதுக்கிய அல்லது வார்த்த உருவம். பிற இடங்களில் பிற தெய்வங்களின் படிமங்களையும் இச்சொல்லே குறிக்கிறது. தெமூத் என்பது ஒப்புமை. ஐக்கியப் பதிப்பு முன்னதற்குச் சாயல் என்றும் பின்னதற்கு ரூபம் என்றும் பெயர்த்தது. பருப்பொருட் சொல்லுக்கு நுண்பொருட் சொல்லும், நுண்பொருட் சொல்லுக்குப் பருப்பொருட் சொல்லும் இடம்மாறின. தேவசாயல் என்னும் தொடர் கிறித்தவத் தமிழில் நிலைபெற்றது இதன் வழியே. தொல்காப்பிய உரியியல் சாயலுக்கு மென்மை எனப் பொருள் கூறுகிறது. அச்சொல்லின் மெல்லிய ஒலிப்பு மூலத்தின் திண்மையை மறைத்து விட்டது. திருவிவிலியம் உரு, சாயல் என முறைப்படுத்தியது சிறந்த திருத்தமாகும்.

இத்திருத்தத்தின் பயன் பெரிது. தம்மை உருவமாகச் செய்து வழிபடலாகாது என விதிக்கும் கடவுள், தமக்கு ஓர் உருவத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். அவ்வுருவம் மாந்தர் என்பது முதற்கதையின் உட்கோள். கோயில்தோறும் திருவுருவம் கண்டு பழகிய தமிழ்ப் படிப்பாளிக்குச் சாயல் என்பதினும் உரு என்பதே இவ்வன்மையை உணர்த்த வல்லது.

பண்டைய எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் தெய்வத்தின் உரு எனப் புகழப்பட்டவன் அரசன். பாபிலோனியப் படைப்புக் காவியமாகிய எனுமா எலிஷில், கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் குருதியிலிருந்து தெய்வங்களின் உழைப்பைச் சுமப்பதற்காக மாந்தர் ஆக்கப்படுகின்றனர். அக்காவியத்தின் களிமண் பலகைகளைச் சார்ச்சு சுமித்து 1876இல் நூலாக வெளியிட்டது முதல் இவ்வொப்புமை ஆராயப்பட்டு வருகிறது. தொடக்கநூல் அரசனுக்குரிய பட்டத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் எல்லார்க்குமாக அளிக்கிறது. சுமை தூக்கப் பிறந்தோராக மாந்தரைக் கூறவில்லை.

உருவின் பின்னரே ஆளுகை பேசப்படுகிறது. எபிரேய வினைகளாகிய ராதா (ஆளுதல்), கபாஷ் (கீழ்ப்படுத்துதல்) இரண்டும் வன்மையானவை. ஐக்கியப் பதிப்பின் கீழ்ப்படுத்தல் என்னும் வினை மூலத்திற்கு நெருங்கியது. இவ்விடமே இயற்கையை மாந்தர் அழிக்கத் துணை நின்றது என வரலாற்றாசிரியர் லின் வைட் 1967இல் குற்றஞ்சாட்டினார். சொல்லின் கடுமையை மொழிபெயர்ப்பில் தணித்து இக்குற்றச்சாட்டிற்கு விடை கூறுதல் பொருந்தாது. ஆளுகை எத்தகையது என்பதை உரு என்னும் சொல்லே வரையறுக்கிறது. திருவனந்தபுர வரலாறு இதற்கு நல்ல விளக்கம் தரும். 1750இல் மார்த்தாண்டவர்மர் திருப்படிதானத்தின் வழித் திருவிதாங்கூரைப் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கிவிட்டுப் பத்மநாபதாசர் என்னும் பெயரோடு ஆண்டார். அவ்வாட்சியின் அரசியல் நோக்கங்கள் எவையாயினும், நாடு பிறர்க்குரியது, ஆள்பவன் அடியவன் என்னும் கருத்தமைப்பு அங்குத் தெளிவாக உள்ளது. முதற்கதை கூறும் ஆளுகையும் உரிமையாளன் பொருட்டுப் பேராளன் செலுத்தும் ஆளுகையே.

எண் பற்றிய ஒரு செய்தியும் இங்குக் கூறத்தக்கது. எபிரேயத்தில் ஆதாம் என்பது மனிதகுலத்தைச் சுட்டும் தொகுதிப் பெயர். மூலம் முதலில் ஒருமைச் சுட்டையும் அடுத்து ஆண் பெண் எனக் கூறும்போது பன்மைச் சுட்டையும் தருகிறது. ஐக்கியப் பதிப்பு அவனை, அவர்களை என இவ்வடைவைக் காத்தது. ஆயினும் மனுஷன், அவன் என்னும் ஆண்பால் வடிவங்களால் பெண் பின்னர் சேர்க்கப்பட்டவள் போலத் தோன்றுகிறாள். திருவிவிலியம் மானிடர், அவர்கள் எனப் பலர்பாலை ஆண்டு அக்குறையை நீக்கியது. ஒன்று பலவாகும் அடைவு அதில் மறைந்தது. தமிழில் இரண்டையும் ஒருங்கே காத்தல் அரிது. ஒன்றையே காக்க இயலும் எனில், உரு இருபாலார்க்கும் உரியது என்பதைக் காத்த பின்னதே தக்கது.

4. நீரும் மண்ணும்

ஸ்ரீவராகம் என்னும் ஊர்ப்பெயர் அங்குள்ள வராகமூர்த்தி கோயிலால் வந்தது. நீரில் மூழ்கிய நிலமகளைப் பன்றி வடிவெடுத்த திருமால் இரணியாக்கனை வென்று மேலே கொணர்ந்தார் என்பது புராணம். முதற்கதையிலும் நீர் முதலில் உள்ளது. நிலம் பின்னர்த் தோன்றுகிறது. ஆயினும் அங்குப் பகைவன் இல்லை, போர் இல்லை, மூழ்கி எடுத்தல் இல்லை. சொல் மட்டும் உண்டு. வராகக் கதையில் கடவுள் உலகின் துயரத்துள் இறங்குகிறார். நிலமகள் அவர்க்கு உரியவள், உயர்திணை. முதற்கதையில் நிலம் தெய்வமும் அன்று, பகையும் அன்று. ஆணை பெற்று முளைப்பிக்கும் படைப்புப் பொருள். ஞாயிறும் திங்களும்கூட அங்குப் பெயர் பெறவில்லை. அண்டை நாடுகளில் அவை தெய்வப்பெயர்கள் ஆதலால் பெரியது, சிறியது என இரு ஒளிகளாகவே கூறப்படுகின்றன. ஐக்கியப் பதிப்பு சுடர் என்னும் பொதுச்சொல்லை ஆண்டு இந்நுட்பத்தைப் போற்றியது.

இரண்டாம் கதைக்கு வருங்கால் கடவுள் நிலத்தில் இறங்கிக் கையால் தொழில் செய்கிறார். முதற்கதையின் சிறப்புவினை பாரா. எபிரேய விவிலியத்தில் இவ்வினை இவ்வடிவில் கடவுளையே எழுவாயாகக் கொள்ளும். இரண்டாம் கதையின் வினை யாசர். இது குயவன் தொழிலைக் குறிப்பது. பாராவுக்குச் சிருஷ்டித்தல், படைத்தல் என்னும் சொற்கள் வந்தன. வடமொழிச் சிருஷ்டி தன்னிலிருந்து வெளிவிடுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்ததாதலால், உலகம் கடவுளினின்று வெளிப்பட்டது என்னும் கருத்துக்கு இடம் தரும். படைத்தல் அவ்விடரின்றி அமைகிறது. யாசர் என்னும் வினையையோ இரு பதிப்புகளும் உருவாக்குதல் எனப் பொதுப்படப் பெயர்த்தன. தமிழில் இதற்கென வனைதல் என்னும் சொல் உண்டு; மண்கலம் செய்வோர் தொழிலுக்கு இன்றும் உரியது அது. மண்ணால் மனிதனை வனைந்தார் எனின், ஆணையிடும் அரசராக முதற்கதையில் நின்றவர் மண்படிந்த கையினராக இரண்டாம் கதையில் நிற்பது வெளிப்படும். -ஆர் என்னும் மதிப்பு ஈறு அவ்வினையோடு சேருங்கால் உண்டாகும் முரண் எபிரேயத்திலும் இல்லாத அழகு.

ஆதாம் என்னும் மனிதன் ஆதாமா என்னும் நிலத்தினின்று எடுக்கப்பட்டான் எனச் சொல்லொப்புமை காட்டுகிறது மூலம். தமிழில் மண், மனிதன் என்பன வேரால் தொடர்பற்றவை. மனிதன் என்பது வடசொல் வழிவந்தது. ஆயினும் செவிக்கு அவை நெருங்கி ஒலிக்கின்றன. இத்தற்செயல் ஒப்புமை மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

மண்ணாலான மனிதனுள் மூச்சு ஊதப்பட்டவுடன் அவன் நெஃபெஷ் ஹய்யா ஆகிறான். உயிருடையது என்பதே இதன் பொருள். நீர்வாழ்வன, விலங்குகள் ஆகியவற்றையும் முதலதிகாரம் இத்தொடராலேயே குறிக்கிறது. ஐக்கியப் பதிப்பு விலங்குக்கு ஜீவஜந்து என்றும், மனிதனுக்கு ஜீவாத்துமா என்றும் ஆண்டது. மூலத்தில் ஒன்றாயிருந்தது தமிழில் இரண்டாயிற்று. மேலும் ஜீவாத்துமா, பரமாத்துமா என்னும் வேதாந்த இணையை அறிந்த படிப்பாளிக்கு இங்கு உடலினின்று வேறான அழிவற்ற ஒன்று கூறப்படுவதாகத் தோன்றும். திருவிவிலியத்தின் உயிர் என்னும் சொல் இதனினும் சிறந்தது. உயிர் அநாதி எனக் கொள்ளும் சைவ சித்தாந்த மரபினர்க்கு அது வேறொரு வினாவை எழுப்பினும், விலங்குக்கும் மனிதனுக்கும் பொதுவான சொல்லாக நிற்கிறது. விலங்குகளும் அதே மண்ணால், அதே வினையால் ஆக்கப்பட்டன என்பதையும் இரண்டாம் கதை கூறுகிறது. தமிழின் திணைப்பாகுபாடு மனிதனைக் கடவுளின் அருகே நிறுத்துகிறது. இரண்டாம் கதை அவனை விலங்கின் அருகே நிறுத்துகிறது. இலக்கணம் ஈர்க்கும் திசைக்கு எதிராகச் சொற்றேர்வு செயற்பட வேண்டிய இடம் இதுவே.

தோட்டத்தில் அவனுக்கு இடப்பட்ட தொழிலை ஆபாத், ஷாமர் என்னும் வினைகள் கூறும். முன்னதற்கு உழுதல், ஊழியம் செய்தல் என இரு பொருளும் உண்டு. தமிழாக்கங்களின் பண்படுத்தல் உழவுப் பொருளை நன்கு தருகிறது. ஊழியப் பொருள் அதில் இல்லை. முதற்கதையில் நிலத்தை ஆள்பவன் இரண்டாம் கதையில் நிலத்திற்குத் தொண்டு செய்பவன் என்னும் எதிர்நிலை இதனால் மங்குகிறது.

5. துணை

மனிதனுக்குத் தகுந்தவளாகப் பெண் வருவதைக் கூறும் ஏசெர் என்னும் சொல்லை உதவியாள் எனப் பொருள்கொண்டு பெண்ணைக் கீழ்மைப்படுத்திய விளக்கங்கள் பல. எபிரேய விவிலியத்தில் இச்சொல் பலவிடத்தும் இசுரயேலுக்கு உதவும் கடவுளையே குறிக்கிறது. தமிழாக்கங்கள் துணை என்றன. மலையாளமும் துண என்றது. இது தமிழின் நற்பேறு. கடிதத் தலைப்பிலும் கணக்கேட்டின் முதற்பக்கத்திலும் முருகன் துணை, கர்த்தர் துணை என எழுதும் மக்களுக்குத் துணை என்பது தாழ்ந்ததன்று. திருக்குறளில் மனைவியைப் பற்றிய அதிகாரம் வாழ்க்கைத் துணைநலம். சான்றோரைப் பற்றியது பெரியாரைத் துணைக்கோடல். மனைவிக்கும் தம்மின் உயர்ந்தார்க்கும் ஒரே சொல் பொருந்தி வருகிறது. துணைவேந்தர், துணைத்தலைவர் என 20ஆம் நூற்றாண்டு ஆட்சித்தமிழில் இச்சொல் இரண்டாம் நிலையைக் குறிக்கத் தொடங்கியது. இக்காலப் படிப்பாளி அப்பொருளை இங்கு ஏற்றிவிடாமல் காக்கும் அடிக்குறிப்பு வேண்டப்படும்.

பெண்ணின் படைப்பைக் கூறும் வினை பானா, கட்டுதல். இதனையும் தமிழாக்கங்கள் உருவாக்குதல் என்றே பெயர்த்தன. வனைதலும் கட்டுதலும் ஒரே வினையில் அடங்கியதால் குயவராகவும் கட்டடக் கலைஞராகவும் கடவுள் தோன்றும் இரு காட்சிகள் ஒன்றாயின. மேலும், ஆண்மகனைக் குறிக்கும் ஈஷ் என்னும் சொல் பெண்ணைக் குறிக்கும் இஷ்ஷாவோடு சேர்ந்தே முதன்முறை வருகிறது; அதுவரை அவன் ஆதாம் மட்டுமே. பெண் எதிரில் நிற்கும்போதுதான் ஆண் ஆண் எனப் பெயர் பெறுகிறான். ஐக்கியப் பதிப்பின் மனுஷன், மனுஷி என்னும் இணை ஒலியொப்புமையைக் காத்தது. ஆதாம், ஈஷ் இரண்டிற்கும் மனுஷன் என்றே வந்ததால் இந்நுட்பம் மறைந்தது. திருவிவிலியம் ஆண், பெண் எனப் புதுச்சொற்களை இவ்விடத்தில் ஆண்டு ஒலியை இழந்து பொருளைக் காத்தது.

6. முடிவுரை

முதற்கதை கடவுளைப் போட்டியற்ற சொல்லாற்றல் உடையவராகவும், மாந்தரை அவர்தம் உருவாகவும் காட்டுகிறது. இரண்டாம் கதை கடவுளை மண்ணைப் பிசைபவராகவும், மனிதனை விலங்கோடும் நிலத்தோடும் உறவுடையவனாகவும், துணையின்றி நிறைவுறாதவனாகவும் காட்டுகிறது. தொகுத்தோர் இரண்டையும் கலக்காமல் அடுத்தடுத்து வைத்தனர். ஒன்றை மட்டும் கேட்பவர் மாந்தரை மிக உயர்த்தவோ மிகத் தாழ்த்தவோ கூடும்.

தமிழாக்கங்கள் முதற்கதைக்குச் சிறப்பாகத் துணை செய்துள்ளன. மொழியின் திணையமைப்பும் அதற்கு உதவியது. இரண்டாம் கதையின் தொழிற்சொற்கள் பொதுச்சொற்களாகிவிட்டமையால் அக்கதை முதற்கதையின் விரிவுரை போலப் படிக்கப்படுகிறது. இனிவரும் திருத்தங்கள் படைத்தல், வனைதல், கட்டுதல் என வினைகளை வேறுபடுத்தியும், உயிர் என்னும் சொல்லை விலங்குக்கும் மனிதனுக்கும் ஒருசேர ஆண்டும், நிலத்தின் மீதான உழைப்பைத் தொண்டாகக் காட்டியும் அமையுமாயின், இரு கதைகளும் இரண்டாகவே தமிழில் ஒலிக்கும். அதற்கு வேண்டிய சொற்கள் யாவும் குயவர் தெருவிலும் கொத்தர் பேச்சிலும் உழவர் வழக்கிலும் முன்னரே உள்ளன.